பின்சீட்டில் பாப்பா

எங்கள் வேலையில் முக்கால்வாசி உட்கார்ந்திருப்பதுதான். முதலாளியை இறக்கிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்கச் சம்பளம். இதை ஏதோ சுகவாசம் என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சாயங்காலம் அவர்களுடைய இடுப்பே பதில் சொல்லும்.

நான் ஒரு கம்பெனி மேடத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். கண்ணாடி போர்த்திய பெரிய அலுவலகக் கட்டடம். அதன் பின்பக்கம் தார் போட்ட திறந்தவெளியில்தான் வண்டிகள் நிற்கும். தகரக் கூரை போட்ட ஒரே வரிசை, சொந்தமாக ஓட்டி வரும் பெரிய மனிதர்களுக்கு. டிரைவர் வைத்திருப்பவர்களின் வண்டிகள் வெயிலில் காயும், டிரைவர்கள் சுவரோரம் இருக்கும் ஒற்றை மரத்தடியில் காய்வோம். அங்கே ஒரு சிமெண்டுத் திண்டு உண்டு. நிழல் நகர நகர நாங்களும் அதில் நகர்ந்து உட்காருவோம்.

மேலே எங்களுக்குப் பேர் கிடையாது, வண்டி நம்பர்தான். அதனால் கீழே நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். என் குரல் கட்டடத்தின் முன்வாசல் வரைக்கும் கேட்கும் என்பதால் நான் ஹாரன், சின்னவர்களுக்கு ஹாரன் அக்கா. யாராவது லீவு போட்டால் மட்டும் கூப்பிடப்படும் குண்டு மனிதர் ஸ்டெப்னி. எங்களில் இளையவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவன், சைலன்சர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர், சுவிட்ச் அண்ணன்.

அவருக்கு அந்தப் பேர் வந்த காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கட்டடத்தின் செக்யூரிட்டி ஆபீசருக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆள் இல்லாமல் எஞ்சின் ஓடும் வண்டியைக் கண்டால் உடனே படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிடுவார். பெட்ரோல் யார் அப்பன் வீட்டுக் காசு என்று மேலிருந்து போன் வரும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எவனாவது ஏசியை ஓடவிட்டுவிட்டு ஒதுங்கப் போனால், பார்க்கிறவர் போய் எஞ்சினை அணைத்து, வண்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். வண்டிக்காரன் திரும்பி வந்து அசடு வழிவான். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சாவியை மீட்டுக்கொள்வான். ஓடும் வண்டியைச் சுவிட்ச் அண்ணனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவே முடியாது. எத்தனையோ பேருடைய வேலையை அவர் அப்படிக் காப்பாற்றியிருக்கிறார். அதை நான் இப்போதும் அடித்துச் சொல்வேன்.

அன்றைக்குக் காலையிலேயே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சைலன்சர் தன் சாரை இறக்கிவிட்ட கையோடு மறுபடி வெளியே போய்த் திரும்பி வந்தான். சார் ஏதோ ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். முதலாளிகளின் மறதிக்குப் பெட்ரோல் கணக்கு கிடையாது.

அந்த வண்டியில் என்ன இருந்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்சீட்டில் அவனுடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கும் குழந்தை. அவன் ஃபைலை எடுத்துக்கொண்டு வரும்போது அவன் மனைவி போன் செய்திருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. இவளுக்குத் தையல் ஃபேக்டரியில் ஷிப்ட், கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்தாகிவிட்டது. அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, குழந்தையை வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஏசி குளிரில் குழந்தை வழியிலேயே தூங்கிவிட்டது.

இங்கே வந்து நிறுத்தியதும் சாரிடமிருந்து போன், உடனே மேலே வா என்று. துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, ஜன்னல்களில் கறுப்பு வெயில் வலையை இழுத்து மாட்டி, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, குழந்தை விழித்தால் அழாமல் இருக்கட்டும் என்று போனில் பொம்மைப் பாட்டையும் தூக்கம் கலையாத அளவுக்குச் சன்னமாகப் போட்டு வைத்துவிட்டு அவன் இறங்கினான். ஒரு எட்டு போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்கு.

எங்களைத் தாண்டித்தான் போனான்.

"என்ன சைலன்சரு, மேல பொண்ணு பாக்க வந்திருக்காங்களா? இந்த ஓட்டம் ஓடுற?" என்றேன் நான்.

சிரிப்பதுபோல உதட்டை இழுத்துவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டான்.

அவன் மறைந்த கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தார்.

"வண்டி ஓடுதே. சின்னப்பய, ஏற்கெனவே ஒருவாட்டி திட்டு வாங்கினவன். அந்த ஆபீசரு இந்தப் பக்கம் வர்ற நேரம் வேற."

"டீக்கு ஆள் கெடைச்சாச்சு, போங்கண்ணே," என்றேன்.

அவர் போனார். டிரைவர் பக்கக் கதவைப் பாதி திறந்தார். கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி உருவினார். பூட்டினார். நான் இங்கிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்பார்கள், அவர்களுக்கென்ன. எங்கள் தொழிலில் முதல் பாடமே பின்சீட்டைப் பார்க்காதே என்பதுதான். பின்சீட்டு முதலாளியுடையது. அங்கே அவர் அழலாம், தூங்கலாம், யாருடனாவது சண்டை போடலாம். நாம் திரும்பக் கூடாது, கண்ணாடியிலும் பார்க்கக் கூடாது. சுவிட்ச் அண்ணன் ஆயுள் முழுக்க அப்படி ஓட்டிப் பழகியவர். அவர் கழுத்து பின்பக்கம் திரும்பாது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் சுருண்டு படுத்திருந்த அந்தச் சின்ன உடம்பு அவர் கண்ணில் படவில்லை. அவர் வந்து உட்காரும் முன்பே அவருடைய மேடம் கூப்பிட்டுவிட்டார்கள். விழுந்தடித்து ஓடி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவி சட்டைப் பையோடு போய்விட்டது. கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நானாவது கேட்டிருக்கலாம். நான் ஸ்டெப்னியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

மேலே சைலன்சருடைய சார் ஃபைலை வாங்கிக்கொண்டு, "இருப்பா, இதுல கையெழுத்து வாங்கித் தரேன், அப்படியே எடுத்துட்டுப் போகணும்," என்று சொல்லி மீட்டிங் அறைக்குள் போய்விட்டார். அவன் வெளியே நின்றான். கீழே வண்டியில குழந்தை இருக்கு சார் என்று சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் அவனுடைய வண்டியின் கூரை தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வண்டி பத்திரமாக நிற்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை, உள்ளே ஜில்லென்று பாப்பா தூங்குகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண் இமைக்காமல் காவல் காத்திருக்கிறான். மேலே இருந்து பார்த்தால் ஓடும் வண்டியும் அணைந்த வண்டியும் ஒன்றுதான்.

கீழே வெயில் ஏறிக்கொண்டே போனது. என் வண்டி அவனுடைய வண்டிக்குப் பக்கத்து வண்டி. தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. சீட் பெல்ட்டின் இரும்பு கையில் பட்டுத் தோல் பொசுங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு வெயிலையும் அதைப் படைத்தவனையும் சேர்த்துத் திட்டினேன். பாட்டிலில் இருந்தது வெந்நீர். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்தான். பக்கத்து வண்டியின் வலை அசைந்ததா, உள்ளே ஏதாவது சத்தம் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையை ஊதிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பிவிட்டேன்.

சைலன்சர் இறங்கி வரும்போது நிழல் திண்டின் கடைசிக்கு வந்திருந்தது. லிஃப்டிலிருந்து வேகமாக வந்தவன் வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி அப்படியே நின்றான். வண்டியின் அடியில் பார்த்தான். ஏசி ஓடும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தார் எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. பாய்ந்து போய்க் கதவை இழுத்தான். வரவில்லை. பின்கதவை இழுத்தான். சுற்றி ஓடி அந்தப் பக்கக் கதவையும் இழுத்தான்.

எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. டீ வருகிறது என்ற சந்தோஷம்.

"என்ன சைலன்சரு, வண்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சா?" என்று கத்தினேன்.

அவன் எங்களிடம் வந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"சாவி," என்றான்.

"மொதல்ல டீ. அப்புறம் சாவி."

"அக்கா, சாவிக்கா."

"சுவிட்ச் அண்ணன் பையில இருக்கு. அவரு மேடத்தக் கூட்டிட்டுப் போயிட்டாரு, இப்போதைக்கு வர மாட்டாரு. உங்க சாருதான் மேல இருக்காரே, அதுக்குள்ள என்ன தலை போற அவசரம்?"

"போன் போடுங்க." அவன் என் போனைக் காட்டினான். "போடுங்கக்கா."

அலுத்துக்கொண்டே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் வண்டியில் இருக்கும்போது சுவிட்ச் அண்ணன் போனைத் தொடவே மாட்டார். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சைலன்சர் அங்கே இல்லை. யாரோ டயருக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த அரைச் செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினான். பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். செங்கல் இரண்டாக உடைந்து விழுந்தது. கண்ணாடிக்குக் கீறல்கூட இல்லை.

ஸ்டெப்னிதான் முதலில் ஓடினார். பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்துவிட்டார்.

"டேய், டேய்! கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? கண்ணாடி போனா உன் வேலையும் சேந்து போயிடும்டா!"

அவன் திமிறினான். இன்னொரு டிரைவர் கையைப் பிடித்தார். நானும் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்று அவன் காதருகே கத்தினேன். நாங்கள் அத்தனை பேரும் அவனுடைய வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். காற்றுதான் வந்தது. கடைசியில் ரகசியம் சொல்வதுபோல வந்தது அந்தச் சொல்.

"பாப்பா உள்ள இருக்கா."

ஸ்டெப்னியின் கை தானாக விழுந்தது. ஒரு நொடி யாருக்கும் கை கால் ஓடவில்லை. பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு நான் இப்போதும் நன்றியோடு இருக்கிறேன். அந்தக் கோபம்தான் என்னை என் வண்டியின் டிக்கி வரைக்கும் ஓட வைத்தது. வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு வந்தேன். சைலன்சர் மறுபடி பின்கதவைக் கைமுட்டியால் குத்திக்கொண்டிருந்தான்.

"அங்க உடைக்காத! புள்ள மேல விழும்! தள்ளு!"

முன்பக்கம், டிரைவருக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தேன். குழந்தைக்கு அதுதான் தூரம். நடுவில் அடித்தால் கண்ணாடி சிரிக்கும். மூலையில்தான் அடிக்கவேண்டும். முதல் அடி வழுக்கிவிட்டது. இரண்டாவது அடியில் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகிப் பொலபொலவென்று கொட்டியது. வண்டி ஊளையிட ஆரம்பித்தது. கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தேடும்போது உள்ளிருந்து வந்த காற்று அடுப்பின் வாயைத் திறந்ததுபோல இருந்தது. கதவைத் திறந்து, உள்ளே சாய்ந்து, பின்கதவை விடுவித்தேன். முன்சீட்டில் அவனுடைய போன் சூடு தாங்காமல் அணைந்து கிடந்தது.

குழந்தை சீட்டில் இல்லை. கீழே, கால் வைக்கும் இடத்தில், கதவோடு ஒட்டிக் கிடந்தது. இறங்கப் பார்த்திருக்கிறது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் பாதி மூடி வெள்ளை தெரிந்தது. சைலன்சர் வாரி எடுத்தபோது தலை பின்னால் தொங்கியது.

"என் வண்டியில ஏறு!"

என் மேடத்திடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஏசியை முழுக்கத் திருகிவிட்டு வண்டியை எடுத்தேன். ஸ்டெப்னி முன்சீட்டில் குதித்து ஏறி, டீக்கடையிலிருந்து பிடுங்கி வந்த தண்ணீர் கேனிலிருந்து துண்டை நனைத்து நனைத்துப் பின்னால் கொடுத்தார்.

"சட்டைய கழட்டு. கழுத்து, கக்கம், தொடையிடுக்கு, அங்கெல்லாம் தொட. வாயில ஊத்தாத! மயக்கத்துல இருக்கற புள்ளைக்கு வாயில ஊத்தாத!"

"மூச்சு இருக்குக்கா," என்றான் அவன். "இருக்குக்கா. இருக்கு. இருக்கு."

அதை அவன் நிறுத்தவே இல்லை. அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு "இருக்கு"க்கும் நடுவில் என் உயிர் போய்ப் போய் வந்தது. விளக்கைப் போட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், சிவப்பு சிக்னல் ஒன்றையும் மதிக்காமல் ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். சாலையைப் பாதி, கண்ணாடியில் தெரிந்த பின்சீட்டைப் பாதி பார்த்தேன். ஒரு தடவை அந்த "இருக்கு" வரத் தாமதமானது. "டேய், சொல்லுடா!" என்று அலறிவிட்டேன். ஸ்டெப்னி விசும்பி விசும்பி அழுதுகொண்டே துண்டைப் பிழிந்தார்.

அப்போதுதான் சுவிட்ச் அண்ணன் திருப்பிக் கூப்பிட்டார். ஸ்டெப்னி என் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா ஹாரன், கூப்பிட்டிருந்த? மேடம் இப்பதான் எறங்கினாங்க. நம்ம பய சாவியத் தேடுறானா?" சிரிப்பு. "இன்னிக்கு டீயோட விட மாட்டேன்னு சொல்லு."

சொல்லவேண்டியவள் நான்தான்.

"அண்ணே, அந்த வண்டிக்குள்ள சைலன்சரோட பாப்பா இருந்துச்சு."

எதிர்ப்பக்கம் தெருவின் இரைச்சல் மட்டும் கேட்டது. வண்டிகள் போயின, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

அவசரப் பிரிவில் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். திரை இழுபட்டது. ஈரத்துணி, ஃபேன், ஊசி என்று உள்ளே வார்த்தைகள் பறந்தன. ஒரு நர்ஸ் வெளியே தலையை நீட்டி, "வண்டிக்குள்ள எவ்ளோ நேரம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஏசி போட்டுட்டுத்தான் போனேன்," என்றான் சைலன்சர்.

"அத நான் கேக்கல. எஞ்சின் நிக்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எப்ப நின்னுச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பொழுது எப்படித் தெரியும்? "வெயில் ஏற ஆரம்பிச்சப்போ," என்றேன். நர்ஸ் முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்டெப்னி எங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளவும், மேலே இருப்பவர்களுக்குச் சொல்லவும் திரும்பிப் போனார். நானும் சைலன்சரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் கைமுட்டிகளில் தோல் வழன்றிருந்தது. திரைக்குப் பின்னால் ஏதாவது சத்தம் வருமா என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரும்புத் தட்டில் ஏதோ வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஒரு டாக்டர் வந்து, "சூடு இறங்குது. இன்னும் கண் திறக்கல. வலிப்பு வராம இருக்கணும். பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் "பாப்போம்" என்ற சொல்லை எந்த டாக்டரும் சொல்லக் கூடாது என்று சட்டம் போடவேண்டும்.

பயம் அதிகமானால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அன்றைக்கும் வந்தது.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்றேன். "நாங்க எத்தனை பேரு அங்க வேலை வெட்டி இல்லாம உக்காந்துட்டு இருந்தோம்? அக்கா, புள்ளய கொஞ்சம் வச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா உனக்கு? மரத்தடியில ஆளுக்கு ஒரு நேரம் தூக்கி வச்சிருப்போமே!"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லலாம்னுதான் உங்க பக்கம் வந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க பொண்ணு பாக்க வந்திருக்காங்களான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்டெப்னி அண்ணன் வண்டியிலயே தூங்கிப் போன கதைய நீங்க சொல்லிச் சொல்லி அது மேல வரைக்கும் போச்சு. புள்ளயத் தூக்கிட்டு வேலைக்கு வந்தேன்னு தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள எங்க சார் காதுக்குப் போயிடும்னு நெனச்சேன். உங்க வாய்க்குப் பயந்துதான்க்கா."

திட்டுவதுபோலச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நான் யாரையும் காட்டிக்கொடுத்தவள் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டாமா என்று பேசுகிறவள். அதைத்தான் சொல்ல வந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை கிடக்கும்போது அதைச் சொல்ல நா எழவில்லை. அவன் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ. உள்ளே பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். முனகல் சிணுங்கலாகி, சிணுங்கல் வீறிட்ட அழுகையாகி, "அப்பா" என்று முடிந்தது. நர்ஸ் திரையை விலக்கி, "வாங்க, தூக்கிக்கோங்க. ட்ரிப்ஸ் கை பத்திரம்," என்றாள். அவன் மகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதான். நான் சத்தமாகவே அழுதேன்.

சுவிட்ச் அண்ணன் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது வராந்தாவின் கோடியில், சுவரோடு சுவராக நின்றிருந்தார். மேடத்தைப் போன இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார். கிட்ட வரவில்லை. குழந்தை அழும் ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

ராத்திரி முழுக்க இங்கேயே இருக்கவேண்டும், மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், தாயை வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அப்போதுதான் சைலன்சருக்கு மனைவியின் நினைவே வந்தது. அவனுடைய போன் அந்த வண்டியிலேயே கிடந்தது. என் போனைக் கேட்டான். போன் பேசக் குழந்தையை யாரிடமாவது கொடுக்கவேண்டும். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி, ட்ரிப்ஸ் தொங்கும் கம்பியை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, வராந்தாவின் கோடிக்குப் போனான்.

"பிடிங்கண்ணே," என்றான்.

"வேணாம்ப்பா." சுவிட்ச் அண்ணன் சுவருக்குள் போய்விடுவதுபோல ஒடுங்கினார். "என்கிட்ட வேணாம். நான் தொடக் கூடாது."

"கை வலிக்குதுண்ணே. பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிட்டார். அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை ஈரமாக இருந்த அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

சைலன்சர் என் போனை வாங்கி நம்பரை அழுத்தினான். ஃபேக்டரி சூப்பர்வைசர் எடுத்து, அவளைக் கூப்பிட்டு, அவள் வந்து "என்னங்க?" என்று கேட்கும்வரை நின்றிருந்தான். உதடு அசைந்தது. காலையில் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததைப் போலவே காற்றுதான் வந்தது. போனை என்னிடம் நீட்டினான்.

"நீங்க சொல்லுங்கக்கா."

அவனோடு வேலை பார்ப்பவள், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். பயப்படாதே என்றேன். அவன் நன்றாக இருக்கிறான் என்றேன். எங்கே ஆரம்பித்தாலும் அந்த வண்டியில்தான் போய் முட்டியது. பின்னால் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடின. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் கத்தினாள்.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காருன்னா பாப்பா யாருகிட்ட இருக்கா? ஏங்க, பாப்பா யாருகிட்டங்க இருக்கா?"

"எங்ககிட்டதான்மா இருக்கா," என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.